இரண்டு விநாடியில் அணையும் மானிட்டர்: பவர் போர்டா, பேக்லைட்டா, மெயின் போர்டா?

கோட்டை அகழி

வணக்கம். ரிப்பேருக்கு இரண்டு மானிட்டர் இருக்கு. இரண்டுமே தானா அணையுது, ஆனா அணையற விதம் வேற வேற.

முதலாவது 21.5 இன்ச் எல்இடி. பவர் போர்டு உள்ளேயே இருக்கிற மாடல், அடாப்டர் கிடையாது. பட்டனை அழுத்தினா லோகோ வருது, இரண்டு விநாடியில திரை கறுப்பு. நீல விளக்கு மட்டும் எரிஞ்சிட்டே இருக்கு. காலையில இருபது நிமிஷம் கூட நிக்குது. மதியம் வெயில் ஏறிட்டா இரண்டே விநாடி.

இரண்டாவது 19 இன்ச், பழைய ட்யூப் பேக்லைட் (திரைக்குப் பின்னால இருந்து வெளிச்சம் தர்ற விளக்கு). லோகோவே வராது. விநாடிக்கு ஒரு தடவை டிக், டிக்னு சத்தம். முன்னால இருக்கிற விளக்கும் அதே தாளத்துல மினுக்குது.

கேபிள், பிளக் பாயின்ட், கம்ப்யூட்டர் மூணையும் மாத்திப் பார்த்தாச்சு. மல்டிமீட்டரும் 60 வாட் சால்டரிங் அயர்னும் இருக்கு. ஈஎஸ்ஆர் மீட்டர் (கண்டன்சரோட உள் ரெசிஸ்டன்ஸை அளக்கறது) இல்லை. எங்கிருந்து ஆரம்பிக்கணும்?

பாலாற்றங்கரை

இரண்டையும் ஒரே நோயாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முதலில் 21.5 இன்ச்.

திரை கறுப்பானதும் அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் திரைக்குப் பக்கத்தில் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பேனலும் மெயின் போர்டும் (பேனலுக்குப் படத்தை அனுப்பும் போர்டு) ஓடுகின்றன, வெளிச்சம் மட்டும் போயிருக்கிறது. படமே இல்லை என்றால் வழக்கு வேறு.

அதன் பிறகு ஒரு பொருளையும் மாற்றாதீர்கள். உப்பிய கண்டன்சர் கண்ணில் படவில்லை என்றதும் பேக்லைட் டிரைவர் ஐசி, மாஸ்ஃபெட் (சுவிட்ச் டிரான்சிஸ்டர்) என்று வரிசையாக மாற்றிப் பணத்தைக் கரைப்பதுதான் இந்தப் பழுதில் வழக்கமாக நடக்கிறது. அணையும் அந்த நொடியில் எந்த வோல்ட் முதலில் விழுகிறது என்பதைப் பார்த்தால் போதும். பவர் போர்டிலிருந்து மெயின் போர்டுக்குப் போகும் கனெக்டரின் பக்கத்தில் பெயர்கள் அச்சாகியிருக்கும். 5 வோல்ட், கிரவுண்ட், பேக்லைட்டை எரியச் சொல்லும் பிஎல் ஆன் (சிலவற்றில் ஈஎன்ஏ), வெளிச்ச அளவைச் சொல்லும் டிம் (சிலவற்றில் ஏடிஜே). மீட்டரின் கறுப்பு முனையைப் பேனலின் உலோகச் சட்டத்தில் கிளிப் போட்டு நிறுத்திவிட்டு, சிவப்பு முனையை ஒவ்வொன்றிலும் வைத்து, அணையும் வரை பாருங்கள்.

5 வோல்ட்டே தடுமாறி விழுந்தால் பவர் சப்ளை. 5 உறுதியாக நின்று, பிஎல் ஆன் மட்டும் பூஜ்யத்துக்குப் போனால் மெயின் போர்டுதான் அணைக்கச் சொல்கிறது. பிஎல் ஆன் 3 வோல்ட்டுக்கு மேல் அப்படியே நிற்க வெளிச்சம் மட்டும் போனால், எல்இடி டிரைவர் (எல்இடிகளுக்குக் கரண்ட் கொடுக்கும் சர்க்யூட்) தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிட்டது. டிரைவர் கெட்டுப்போனது என்று இதற்கு அர்த்தம் இல்லை. அது எதையோ பார்த்துத்தான் நிற்கிறது.

மூடியைக் கழற்றியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, பெரிய கண்டன்சரில் தேங்கிய கரண்டை இறக்குவது (டிஸ்சார்ஜ்). 230 வோல்ட்டைத் திருத்தினால் அதில் 325 வோல்ட் டிசி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இருக்கும். 2.2 கிலோ ஓம், 10 வாட் வயர்வவுண்ட் (கம்பி சுற்றிய) ரெசிஸ்டரை இன்சுலேட்டட் வயரில் கட்டி, இரண்டு காலிலும் ஐந்து விநாடி வைத்துவிட்டு, 10 வோல்ட்டுக்குக் கீழே வந்ததா என்று மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யக் கூடாது. கண்டன்சரின் உள் இணைப்பும் போர்டின் தடமும் சேர்ந்து போகும்.

பிரைமரி பக்கத்து (230 வோல்ட் நேரடியாக வரும் பக்கம்) ஹீட்சிங்க் பல போர்டுகளில் நேரடியாக மின்சாரத்தில் இருக்கும். கிரவுண்ட் என்று நினைத்து அங்கே கறுப்பு முனையை வைத்துவிடாதீர்கள்.

காட்பாடி ஜங்ஷன்

மூடியைக் கழற்றும் முன் இன்னும் இரண்டு விஷயம். இவருக்கு இல்லாவிட்டாலும் இதைப் படிக்கிறவர்களுக்கு உதவும்.

அணைவதற்கு முன் "சிக்னல் இல்லை" என்ற வரி தெரிந்தால், அல்லது விளக்கு ஆரஞ்சு நிறத்துக்கு மாறினால், மானிட்டர் தூங்கப் போகிறது. அது பழுதே இல்லை. கேபிள், கார்டு, விண்டோஸ் பவர் அமைப்பு, மானிட்டர் மெனுவிலேயே இருக்கும் ஆஃப் டைமர் ஆகியவற்றைப் பாருங்கள்.

அடாப்டர் மாடல் வைத்திருப்பவர்கள் கவனம். 14 வோல்ட்டில் ஓடும் மானிட்டரிலும் 19 வோல்ட்டில் ஓடுவதிலும், நடுவில் ஊசி வைத்த ஒரே அளவு பின்தான் பெரும்பாலும் வரும். ஒன்று மற்றொன்றில் அழகாக நுழையும். 14 வோல்ட் மானிட்டரில் 19 கொடுத்தால் மெயின் போர்டு போகலாம். 19 வோல்ட் மானிட்டரில் 14 கொடுத்தால் ஏறி ஏறி அணையும். "பின் பொருந்தியது" என்பதை நம்பாமல் ஸ்டிக்கரைப் படியுங்கள். அடாப்டரைத் தனியாக அளந்தால் சரியான வோல்ட் காட்டும், லோடு கொடுத்ததும் சரியும். ஓடும்போதே அளக்க வேண்டும்.

இன்னொன்று பவர் பட்டன். உள்ளே இருக்கும் சின்ன மைக்ரோ சுவிட்ச் பழசாகி லீக் ஆனால், யாரோ அழுத்தியது போலத் தானாக அணையும். மானிட்டர் ஓடும்போது பட்டன் போர்டின் ரிப்பனை உருவிவிட்டுப் பாருங்கள். அதன் பிறகு அணையவில்லை என்றால் ஐந்து ரூபாய்ச் சாமானில் வேலை முடிந்தது.

குடியாத்தம் சால்டர்

19 இன்ச் பத்தி நான் சொல்றேன். டிக் டிக்னு கேக்கறது பவர் சப்ளை எழுந்து எழுந்து விழற சத்தம். காரணம் மூணுக்குள்ள அடங்கும்.

ஒண்ணு, செகண்டரியில (5, 12 வோல்ட் வெளிய போற பக்கம்) ஷார்ட். ரெண்டு, செகண்டரி ஃபில்டர் கண்டன்சர் காஞ்சது. மூணு, பிரைமரி பக்கம் கன்ட்ரோலர் ஐசிக்கு விசிசி (அந்த ஐசி ஓடறதுக்கான வோல்ட்) கொடுக்கிற சின்ன கண்டன்சர், 22 இல்ல 47 மைக்ரோஃபாரட், 50 வோல்ட். இந்த மூணாவதைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. பெரிய கண்டன்சர் தலையில கீறல் போட்டிருப்பாங்க, அழுத்தம் ஏறினா அது உப்பி வெளியே காட்டிக் கொடுக்கும். சின்ன உறையில அந்தக் கீறலே இருக்காது. பார்க்கப் புதுசு மாதிரி நிக்கும், உள்ள வறண்டு போயிருக்கும். சூடாகிற ரெசிஸ்டர் பக்கத்துலயே அதை உட்கார வெச்சிருப்பாங்க, வேற எப்படி இருக்கும்.

செய்யற வரிசை: மெயின் போர்டு கனெக்டரை உருவிட்டு பவர் போர்டை மட்டும் போடுங்க. டிக் டிக் நின்னு 5 வோல்ட் நிலையா வந்தா, குத்தம் மெயின் போர்டு பக்கம். நிக்கலைன்னா பிளக்கை எடுத்து, பெரிய கண்டன்சரை இறக்கிட்டு, 5 வோல்ட் லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல மீட்டரை பீப்ல வைங்க, அப்புறம் 12 இல்ல 14 வோல்ட் லைன்லயும். ரெண்டு பக்கம் திருப்பி வெச்சாலும் பீப் வந்தா ஷாட்கி டையோடு (அந்த லைன்ல கரண்டை ஒரே திசையில விடற பாகம்) ஷார்ட். ஒரு காலைத் தூக்கி உறுதி பண்ணுங்க. பீப் இல்லைன்னா கண்டன்சர்தான்.

மறுபடி கரண்ட் கொடுக்கும்போது சீரிஸ் போர்டு (கரண்ட் வர்ற வழியில ஒரு பல்பை வரிசையாக் கோத்த போர்டு) வழியா கொடுங்க. 60 வாட் குண்டு பல்பு, எல்இடி பல்பு உதவாது. பல்பு ஒரு மினுக்கு மினுக்கி மங்கினா பயமில்லை. முழுசா எரிஞ்சே நின்னா பிரைமரியில ஷார்ட், உடனே எடுத்துடுங்க.

கோட்டை அகழி

இரண்டு பேர் சொன்னபடியும் அளந்தேன்.

21.5 இன்ச்: டார்ச்சில் படம் நல்லாத் தெரியுது. 5 வோல்ட் 5.1-ல அசையாம நிக்குது. பிஎல் ஆன் 3.2, வெளிச்சம் போன பிறகும் அதே 3.2. பேக்லைட்டுக்குப் போற ஆறு பின் கனெக்டர்ல பிளஸ் வோல்ட்டையும் பார்த்தேன். முதல்ல 37.4, அப்புறம் சட்டுனு 52 வரை ஏறி, வெளிச்சம் போனதும் 16.6-ல நிக்குது. இந்த 16.6 எதுக்கு?

19 இன்ச்: மெயின் போர்டை உருவினாலும் டிக் டிக். பீப் இல்லை. 1000 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் இரண்டு உப்பியிருக்கு.

பாலாற்றங்கரை

இவ்வளவு சுத்தமான அளவு கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

16.6 என்பது பூஸ்ட் சர்க்யூட்டின் (எல்இடிக்காக வோல்ட்டை உயர்த்தும் பகுதி) உள்ளீட்டு வோல்ட். டிரைவர் நின்றாலும் சுருள், டயோடு வழியாக அது அப்படியே வெளியே வந்து நிற்கும். அதில் குறை இல்லை. 37.4 என்பது ஒரு எல்இடிக்கு 3.1 வோல்ட் வீதம் பன்னிரண்டு எல்இடி வரிசை. ஆறு பின்னில் இரண்டு பிளஸ், மற்ற நான்கும் நான்கு வரிசைகளின் மைனஸ். ஒரு வரிசை அறுந்தால் அதில் கரண்ட் ஓடாது. கரண்டைக் கொண்டுவர டிரைவர் வோல்ட்டை ஏற்றிக்கொண்டே போகும். உச்ச வரம்பைத் தொட்டதும் நிறுத்திவிடும். உங்கள் 52 அதுதான்.

எந்த வரிசை என்று அறிய எல்இடி டெஸ்டர் வேண்டியதில்லை. அந்த இரண்டு விநாடிக்குள் நான்கு மைனஸ் பின்னையும் ஒவ்வொரு தடவைக்கு ஒன்றாக அளங்கள். நல்ல வரிசையில் அரை வோல்ட்டோ ஒன்றோ இருக்கும், வோல்ட் 52-க்கு ஏறும்போது அதுவும் கூடவே ஏறும். அறுந்த வரிசை பூஜ்யத்தை விட்டு நகராது.

காலையில் நின்று மதியம் அணைவதும் இதோடு ஒத்துப்போகிறது. சூட்டில் உலோகம் விரியும்போது எல்இடிக்குள் இருக்கும் மெல்லிய கம்பியோ சால்டரோ விட்டுப்போகிறது. கண்டன்சர் பழுது இதற்கு நேர்மாறு: குளிரில் அடம்பிடிக்கும், பத்து நிமிடம் சூடானதும் சரியாகும்.

பேனலைத் திறக்கும் முன் அந்த ஆறு பின் பிளக்கை நான்கைந்து தடவை கழற்றிப் போடுங்கள். போர்டு பக்கம் அதன் கால்களுக்கு ஃபிளக்ஸ் தடவிப் புதிய ஈயம் வையுங்கள். டிரை சால்டரால் (பிடிப்பு விட்ட சால்டர்) இதே அறிகுறி வரும்.

ராணிப்பேட்டை பட்டறை

பிளக்கைக் கழற்றும்போது பின்னின் நிறத்தையும் பாருங்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் ஷெட்டுக்கு அருகில் ஓடிய மானிட்டர் என்றால் செம்பும் வெள்ளிப் பூச்சும் கறுத்திருக்கும். முடி நீக்கச் சேர்க்கும் சோடியம் சல்ஃபைடிலிருந்து எழும் வாயுதான் காரணம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு பழைய டூத் பிரஷால் தேயுங்கள், உப்புத்தாள் போடாதீர்கள்.

அவசரத்துக்கு ஒரு வழி உண்டு. டிரைவர் ஐசியின் புரொடெக்‌ஷன் பின்னை கிரவுண்ட் பண்ணிவிட்டால் அணையாது. மூன்று வரிசை எரியும், வேலை நடக்கும்.

பாலாற்றங்கரை

பட்டறை அண்ணா, சோதனைக்குப் பத்து விநாடி என்றால் ஒப்புக்கொள்கிறேன். அப்படியே மூடி கொடுப்பதை ஏற்க முடியாது. எந்தப் பின் என்பது ஐசிக்கு ஐசி மாறும் என்பது ஒரு புறம். காவல் இல்லாத பூஸ்ட் சர்க்யூட்டில் அறுந்த வரிசை இருந்தால் வோல்ட் ஏறிக்கொண்டே போகும். 63 வோல்ட் கண்டன்சர் வெடிக்கும், நல்ல வரிசைகளின் சிங்க்கில் (ஐசிக்குள் வரிசையின் கரண்டைக் கட்டுப்படுத்தும் பகுதி) மீதி வோல்ட் முழுதும் சூடாக விழும். ட்யூப் மாடல் இதைவிட மோசம். அங்கே டிரான்ஸ்ஃபார்மரில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடுகிறது, ட்யூப் அறுந்த நிலையில் ஓட்டினால் சுருள் கருகிப் புகை வரும். சுற்றிலும் இருப்பது பிளாஸ்டிக்.

அறுந்த ஒரே ஒரு எல்இடியைக் கண்டுபிடித்து அதன் இரு முனையையும் கம்பியால் இணைப்பதுதான் சரியான தற்காலிக வழி. அந்த வரிசையில் 3 வோல்ட் குறையும். 60 மில்லி ஆம்பியர் ஓடினால் ஐசியில் கூடுதலாகச் சேரும் சூடு 0.18 வாட், அது தாங்கும். ஒரே வரிசையில் இரண்டு மூன்று போயிருந்தால் இப்படிச் செய்யாதீர்கள். வரிசைகளுக்கிடையே வித்தியாசம் கூடினால் அதையும் ஷார்ட் என்று எடுத்துக்கொண்டு அணைக்கும் ஐசிகள் உண்டு.

ராணிப்பேட்டை பட்டறை

சூட்டுக் கணக்கு நியாயம். சோதனைக்கு மட்டும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

கோட்டை அகழி

19 இன்ச்: உப்பின இரண்டையும் மாத்தினேன். டிக் டிக் நிக்கலை, ஆனா இடைவெளி கூடி மூணு விநாடிக்கு ஒண்ணு ஆச்சு. 47 மைக்ரோஃபாரட் விசிசி கண்டன்சரை மாத்தினதும் 5 வோல்ட் நிலைச்சு, படம் வந்துடுச்சு. கடையில 85 டிகிரிதான் இருந்தது, அதையே போட்டிருக்கேன். பரவாயில்லையா?

குடியாத்தம் சால்டர்

பரவாயில்லைன்னு சொல்ல மாட்டேன். சோதனைக்குச் சரி, மூணையும் மறுபடி மாத்துங்க. கேக்க வேண்டியது 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர். வோல்ட் குறையவே கூடாது, 16-க்கு 25 போடலாம், உயரம் மூடிக்கு இடிக்காம இருந்தா. மைக்ரோஃபாரட் அதே அளவு, இல்ல கொஞ்சம் கூட. சாதாரண கண்டன்சர் மீட்டர்ல 1000 சரியாக் காட்டும், ஆனா உள் ரெசிஸ்டன்ஸ் அதிகம். பவர் சப்ளையோட சுவிட்சிங் வேகத்துல வர்ற ரிப்பிளை (வோல்ட் ஏற்ற இறக்கத்தை) அது தாங்காது, சில மாசத்துல திரும்ப உப்பும்.

நம்ம ஊர் வெயிலை வெச்சே கணக்குப் போடுங்க. கண்டன்சர் வாழ்நாள் ஒவ்வொரு 10 டிகிரி குறையவும் ரெண்டு மடங்காகும்னு விதி. 105 டிகிரியில 2000 மணி நேரம்னு எழுதினது, உள்ளே 65 டிகிரியில ஓடினா 32,000 மணி. அறை பத்து டிகிரி ஏறி உள்ளே 75 ஆச்சுன்னா 16,000 மணி. நாளைக்கு பத்து மணி நேரம், வருஷத்துக்கு 300 நாள்னு ஓடற ஆபீஸ்ல அது பத்து வருஷத்துக்கும் அஞ்சு வருஷத்துக்கும் உள்ள வித்தியாசம். அக்னி நட்சத்திரத்துல 40 டிகிரியைத் தாண்டற வேலூர்ல 85 டிகிரி சரக்கைப் போட்டா இந்தக் கணக்கே இன்னும் ரெண்டு படி கீழ இறங்கும்.

இங்க கிடைக்கலைன்னா காட்பாடியில ரயில் ஏறி சென்னை சென்ட்ரல்ல இறங்குங்க, எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டுல கேட்டு வாங்கலாம். பழைய போர்டுல இருந்து கழட்டினதை புதுசுன்னு கொடுத்தா கால் நீளத்தைப் பாருங்க. புதுசுல பிளஸ் கால் நீளமா இருக்கும், வெட்டின கால்னா வேண்டாம்.

மாத்தும்போது பழைய ஈயத்து மேல கொஞ்சம் 60/40 ஈயம் கலந்துட்டு, ஒவ்வொரு காலா சூடு பண்ணி ஆட்டி எடுங்க. இழுத்தா தடம் உரிஞ்சு வந்துடும். மைனஸ் பட்டை எந்தப் பக்கம்னு எடுக்கிறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து வைங்க.

ஆரணி நெசவு

இதே போல ஒரு ட்யூப் மாடல். பவர் நல்லா இருக்கு, 5 வோல்ட்டும் பிஎல் ஆனும் நிக்குது. போட்டதும் ஒரு நொடி லேசான ரோஜா நிறம், அப்புறம் இருட்டு. ட்யூப் போச்சா, டிரான்ஸ்ஃபார்மர் போச்சா?

பாலாற்றங்கரை

ரோஜா நிறம் பெரும்பாலும் ட்யூப் வயதானதற்கு அடையாளம். மின் இணைப்பை எடுத்துவிட்டு, டிரான்ஸ்ஃபார்மர்களின் செகண்டரியை ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஓமில் அளங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு என்றால் டிரான்ஸ்ஃபார்மர் நலம். ஒன்று மட்டும் ஓபன் அல்லது வெகுவாக விலகினால் அதுதான் குற்றவாளி. சுருள் சரி என்றால், நல்லதென்று தெரிந்த ட்யூப் ஒன்றை ஒவ்வொரு கனெக்டராகப் போட்டுப் பாருங்கள். ஓடும்போது அந்த வயர் பக்கம் மீட்டரைக் கொண்டுபோக வேண்டாம். சாதாரண மீட்டரும் தாங்காது, விரலும் தாங்காது.

ட்யூப் போயிருந்தால் ட்யூபைத் தேடுவதைவிட எல்இடி பட்டை கிட் மாற்றுவது நல்லது. பட்டையைப் பேனல் நீளத்துக்கு வெட்டலாம், ஆனால் அச்சிட்ட வெட்டுக்கோட்டில் மட்டும். கிட் டிரைவரில் நான்கு வயர்: வின் (உள்ளே வரும் வோல்ட்), கிரவுண்ட், ஈஎன்ஏ, டிம். வின்னுக்கு 12 அல்லது 14 வோல்ட் லைன், ஈஎன்ஏவுக்கு பழைய பிஎல் ஆன், டிம்முக்கு பழைய ஏடிஜே. பழைய இன்வெர்ட்டருக்குப் போகும் சப்ளையைத் துண்டித்துவிடுங்கள். மாட்டிய பிறகு பிரைட்னஸைக் கூட்டினால் மங்குகிறது என்றால் பழுது என்று நினைக்காதீர்கள், அந்த மெயின் போர்டின் டிம் சிக்னல் தலைகீழ் வகை. டிம்மை ஈஎன்ஏவோடு சேர்த்து, முழு வெளிச்சத்தில் வைத்துக்கொள்வதுதான் எளிய வழி.

கழற்றிய ட்யூபில் பாதரசம் உண்டு. உடைக்காமல் தாளில் சுற்றி, மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். பாலாற்று மணலில் ஏற்கனவே போதுமான விஷம் கிடக்கிறது.

காட்பாடி ஜங்ஷன்

21.5 இன்ச் பேனலைப் பிரிக்கப் போகிறவருக்கு. ஃபேனை நிறுத்துங்கள், தரையை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். நாம் இருக்கும் ஊரில் மணல் தூசி ஒரு துளி உள்ளே போனாலும் வெள்ளைத் திரையில் நிரந்தரப் புள்ளி. கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிலிம் ரிப்பன்கள் மடங்கினால் பேனல் அதோடு சரி, அவற்றைச் சேர்த்தே தூக்க வேண்டும். ஒளியைப் பரப்பும் ஷீட்டுகளின் ஒரு மூலையில், மேலிருந்து கீழாக எண் எழுதிய டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். வரிசை மாறினால் திரை மங்கும், எந்த ஷீட் மாறியது என்று பிறகு சொல்ல முடியாது. விரல் ரேகை படாமல் கையுறை போடுங்கள்.

கோட்டை அகழி

பிளக்கைக் கழட்டிப் போட்டு, சால்டரும் வெச்சேன், மாற்றம் இல்லை. மூணாவது மைனஸ் பின் பூஜ்யம். பேனலைப் பிரிச்சேன். எல்இடி பட்டை கீழ் ஓரத்துல இருக்கு. பட்டையை வெளிய எடுத்து, மூணாவது வரிசைக்கு மட்டும் வெளியில இருந்து கரண்ட் கொடுத்துப் பார்த்தா எரியுது. ஹேர் டிரையர் காத்து காட்டினதும் வரிசை முழுக்க அணையுது. இடுக்கி முனையில ஒவ்வொரு எல்இடியா இரண்டு முனையையும் தொட்டுக்கிட்டே வந்தேன். ஏழாவதுல வெச்சதும் மத்தது எல்லாம் எரிஞ்சுது.

அதுக்குக் குறுக்கே மெல்லிய கம்பி சால்டர் பண்ணியிருக்கேன். அலுமினியப் பட்டை சூட்டை இழுக்குது, 60 வாட்டும் சிரமப்பட்டுத்தான் பிடிச்சுது. மூடி மாட்டி, பிரைட்னஸ் 60-ல நாலு மணி நேரம் மதிய வெயில்லயே ஓடிட்டிருக்கு. பிளஸ் வோல்ட் 37.5, ஏறலை. கீழ் ஓரத்துல இடது பக்கம் லேசா நிழல், வெள்ளைப் பக்கத்துல மட்டும் தெரியுது.

புதுப் பட்டை வாங்கணும்னா மானிட்டர் மாடல் நம்பர் சொல்லிக் கேட்டா போதுமா?

பாலாற்றங்கரை

போதாது. ஒரே மாடல் நம்பருக்குள் இரண்டு மூன்று வேறு பேனல்கள் வரும். பேனலின் முதுகில் இருக்கும் ஸ்டிக்கரில் உள்ள பேனல் எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். அதோடு பட்டையின் நீளம், அகலம், எல்இடி எண்ணிக்கை, கனெக்டர் எந்தப் பக்கம் வருகிறது ஆகிய நான்கையும் அளந்து எழுதிக் கொடுங்கள். உங்களுடையதில் நான்கு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு, ஆக 48 இருக்க வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்து வரிசைப் பிரிவு ஆறு, எட்டு என்று மாறினால் வோல்ட் ஒத்துவராது, திரும்பவும் அணையும். அதுவரை பிரைட்னஸை 60-க்கு மேல் ஏற்ற வேண்டாம்.

குடியாத்தம் சால்டர்

பின் மூடியை மாட்டறப்ப போர்டு ஸ்க்ரூ எல்லாத்தையும் போட்டீங்களான்னு பாருங்க. சில போர்டுல கிரவுண்டே அந்த ஸ்க்ரூ வழியாத்தான் சட்டத்துக்குப் போகுது. ஒண்ணு விட்டுப்போனா ரெண்டு நாள் கழிச்சு மினுக்க ஆரம்பிக்கும், அப்ப மறுபடி எல்இடியைச் சந்தேகப்படுவீங்க.